பழைய லாரியும் பழகிய நெடியும்

போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. 'கட்டுரையாளருக்கு உடல்நலக் குறைவு' என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் மூச்சு விடுகிறேன்.

குறைவு என் மகனுக்கு.

இதை எழுதும்போது குமரேசன் பக்கத்து அறையில் படுத்திருக்கிறான். அவனுக்கு இருமல் வந்தால் பேனாவைக் கீழே வைக்கிறேன். இருமல் நின்றாலும் கீழே வைக்கிறேன் – ஏன் நின்றது என்று பார்க்க. ஆகவே இந்தப் பத்தி கொஞ்சம் விட்டு விட்டுத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பயங்களை நீங்கள் அறிவீர்கள். கிணற்றடிப் பாசி, மழைநாளில் கரண்ட் சுவிட்ச், ரயில் ஜன்னலுக்கு வெளியே நீளும் கை… ஒவ்வொன்றையும் பற்றி இங்கே எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன் நான். "அலெக்சாண்டருக்கு நீங்க அப்பனா இருந்திருந்தா, அவன் வாசப்படியே தாண்டியிருக்க மாட்டானுங்க" என்பாள் என் மனைவி தெய்வானை.

இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. விஷயம் ஒரு லாரி.

தெய்வானையின் தம்பி பழனிச்சாமிக்குச் சலவைப் பட்டறை. பனியன் ஊரான எங்கள் ஊரில், ராயபுரத்தில், எங்கள் பொடக்காலிச் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. (வீட்டின் பின்பக்கத்தை நாங்கள் பொடக்காலி என்போம்.) நீங்கள் போட்டிருக்கும் வெள்ளை பனியன் பிறக்கும்போது வெள்ளை இல்லை. பழுப்பு. துணியைக் காஸ்டிக் சோடாவில் வேக வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப் போட்டு, அலசி, ஆசிட் தண்ணீரில் முக்கி, மறுபடி அலசிக் காயப் போட்டால்தான் அந்த வெள்ளை.

பவுடர் தொட்டிக்கும் ஆசிட் தொட்டிக்கும் நடுவில் எப்போதும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். பவுடரில் ஊறிய துணியை அலசாமல் ஆசிட்டில் போட்டால் நெடி கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குப் பழனிச்சாமி முதல் நாளே சொல்வது இது:

"ரெண்டும் சண்டைக்காரச் சம்பந்திக. நடுவுல தண்ணி இல்லாம பந்தில உக்கார வெச்சீங்கன்னா, கல்யாணமே நின்னு போயிரும்."

எங்கள் தெருவில் இது தெரியாதவர் கிடையாது. பட்டறைப் பக்கமே போகாத எனக்கே தெரியும்.

நெடி என்றேன். பட்டறை ஓடும் நாளெல்லாம் தெருவில் அது லேசாக இருந்துகொண்டே இருக்கும். மோட்டார் சத்தமும் அந்த நெடியும் சேர்ந்துதான் எங்களுக்கு விடிகிறது. பஸ்ஸை விட்டு இறங்கிய யாராவது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால், டீக்கடை பெஞ்சில் சிரிப்பு எழும்பும். "வெளியூருங்களா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதே இல்லை. உள்ளூர்க்காரனுக்கு ஏது நெடி?

லாரிக்கு வருகிறேன்.

அது யுத்த காலத்து மிலிட்டரி வண்டி. யுத்தம் முடிந்து சர்க்கார் ஏலம் விட்ட டிஸ்போசலில் வந்து, பல கை மாறி, கடைசியில் பழனிச்சாமியிடம் சேர்ந்தது. அவன் பட்டறைக்குப் பவுடர் டிரம் ஏற்றி வருவதே அதன் வேலை. இந்தச் சித்திரையில் நடுரோட்டில் உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. காயலான் கடைக்குப் போக இருந்ததை, "மருமகனே, உனக்கு வேணும்னா எடுத்துக்க சாமி" என்று குமரேசனுக்குக் கொடுத்துவிட்டான்.

குமரேசன் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். முடித்த நாளிலிருந்து வேலை தேடிக் களைத்தவன். வண்டியைப் புதுசாக்கி, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிச் சர்டிபிகேட் வாங்கி, குண்டடம் பக்கம் பருத்தி லோடு அடிப்பதாகத் திட்டம். லாரியைத் தள்ளிக்கொண்டு வந்து பொடக்காலியில் நிறுத்திய அன்று அவன் முகத்தைப் பார்த்தேன். வெகு காலமாக அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. அதனால்தான் நான் குறுக்கே நிற்கவில்லை.

குறுக்கே நிற்கவில்லையே தவிர, பயப்படாமல் இருந்தேனா?

ஜாக்கி நழுவினால்? சக்கரத்துக்கெல்லாம் கருங்கல் முட்டுக் கொடுக்கச் சொன்னேன். துருப்பிடித்த தகடு கிழித்தால்? கையோடு கூட்டிப் போய்த் தனுர்வாத ஊசி போட வைத்தேன். காஸ்டிக் கண்ணில் தெறித்தால்? மோட்டார் சைக்கிள்காரர்கள் மாட்டும் பழைய கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்தேன் – ஓரமெல்லாம் ரப்பர் வைத்து, முகத்தோடு ஒட்டிக்கொள்வது.

"அப்பா, நான் பெயிண்ட் சொரண்டப் போறனுங்க. ஏரோப்ளேன் ஓட்டறதுக்கில்ல."

"மாட்டிக்கோ."

அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மாட்டிக்கொண்டான்.

பழைய பெயிண்டை எடுக்க அவன் கையாண்டது சுத்தமாக எங்கள் ஊர் முறை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இந்த ஜென்மத்தில் முடியாது. காஸ்டிக்கைத் தண்ணீராக ஊற்றினால் தகட்டில் நிற்காது, வழிந்துவிடும். அவன் என்ன செய்தான் தெரியுமா? தறிக்காரர்கள் பாவு நூலுக்குப் போடுவது போல மாவுக் கஞ்சி காய்ச்சினான். அதில் காஸ்டிக்கைக் கலந்து, கதவு, பானெட், மட்கார்டு எல்லாவற்றுக்கும் தோசை மாவு கனத்துக்குப் பூசினான். மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினான். மறுநாள் சுரண்டியை வைத்து இழுத்தால் பெயிண்ட் சுருண்டு சுருண்டு வந்தது.

தெய்வானை எட்டிப் பார்த்தாள். "தோசை நல்லா எடுபடுது கண்ணு. சட்னி அரைக்கட்டுமா?"

மேலே சிவப்பு. அதற்குக் கீழே நீலம். அதற்கும் கீழே மிலிட்டரிப் பச்சை. கதவுப் பச்சையின் மேல் பாதி அழிந்த வெள்ளை நட்சத்திரம் ஒன்று. குமரேசன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"சரித்திரம் பாருங்கப்பா."

நான் நட்சத்திரத்தின் பக்கம் குனிந்தேன். "இதுல ஏறிப் போன பசங்க எத்தனை பேரு ஊடு திரும்புனாங்களோ…"

"யுத்தம் முடிஞ்சுருச்சுங்கப்பா" என்றான்.

பெயிண்டை உரித்த இரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரக் காற்றே அதற்கு ஆகாது. இன்று வெள்ளிப் பாத்திரம் போல மின்னுவது நாளை செம்மண்ணில் புரண்டது போல நிற்கும். அதற்குள் அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு அடித்தாக வேண்டும். ரெட் ஆக்சைடுக்கு முன்னால், குழிகளில் தங்கிய பழைய துரு போக வேண்டும். துருவுக்கு ஆசிட். ஆசிட்டுக்கு எங்கே போவது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. சுவர் தாண்டினால் மாமன் பட்டறை.

மேல்பக்கம் துரு எடுத்தாயிற்று. பாக்கி, வண்டியின் அடியில் இருக்கும் சேஸிஸ். அதையும் முடித்து மொத்தமாக ரெட் ஆக்சைடு அடிப்பதாக இருந்தான்.

அன்று சூரசம்ஹாரம். தெய்வானைக்குச் சஷ்டி விரதம், கடைசி நாள். பழனிச்சாமி பட்டறைக்கு லீவு விட்டு, ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு சிவன்மலைக்குப் போயிருந்தான். காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. குமரேசனுக்குப் பொறுமை இல்லை. உரித்த இரும்பு மழையில் நனைந்துவிட்டால்? பெரிய தார்ப்பாயைத் தூக்கி லாரிமேல் போட்டான். நாலு பக்கமும் தரை வரைக்கும் தொங்கியது.

"அப்பா, நான் அடியில போனதும் ஓரத்தையெல்லாம் இழுத்துக் கட்டிக் கல்லு வெச்சுருங்க. தூவானம் உள்ள வந்துதுன்னா மொதல்ல இருந்து சொரண்டோணும்."

"முட்டுக் கல்லு சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"மறுக்கா ஒருதடவை பாரு."

"அப்பா…"

ஆசிட் ஜாடியும் டார்ச் லைட்டும் பிரஷ்ஷுமாக உள்ளே நுழைந்தான். நான் கயிற்றைக் கட்டினேன். முடிச்சுப் போடுவதில் நான் கெட்டிக்காரன். பயந்தவன் போட்ட முடிச்சு லேசில் அவிழாது.

முன் அறைக்கு வந்து பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தேன். பின்னாலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. சரி, ஆசிட் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து நெடி வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது… இருந்தது. தினமும் இருப்பதுதானே? அடுத்த பேப்பரை எடுத்தேன். எங்கோ இருமல் கேட்டது. இந்தத் தெருவில் யார்தான் இருமவில்லை?

தெய்வானை சமையலறையில் பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமும் நின்றது. கையில் வெல்லத்தோடு கதவருகே வந்து நின்றாள்.

"ஏனுங்க."

"ம்."

"பவுடர் நெடி அடிக்குதுங்களே."

"என்னிக்கு அடிக்கல?"

அவள் போகவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் சத்தத்தையே காணமுங்களே…"

அவ்வளவுதான் அவள் சொன்னது. பட்டறை ஓடவில்லை. அப்படியானால் நெடி எங்கிருந்து? நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. நான்தான் தள்ளியிருக்க வேண்டும்.

பொடக்காலிக்கு ஓடினோம். தார்ப்பாயின் கீழ் ஓரத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, பச்சையும் மஞ்சளுமாக ஏதோ தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புகை என்றால் மேலே போகும். இது போகவில்லை.

"குமரேசா!"

தார்ப்பாய் ஓர் இடத்தில் உள்ளிருந்து புடைத்தது. கை. புடைப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

முடிச்சைப் பிடித்தேன். தூறலில் நனைந்து கயிறு இறுகியிருந்தது. என் முடிச்சு என் கைக்கே அவிழவில்லை.

"அக்கட்டால போங்க!"

தெய்வானை. என்னை ஒதுக்கித் தள்ளினாள். தேங்காய் உடைக்கும் கொடுவாள் அவள் கையில். ஆறு நாள் பட்டினி கிடந்த கை அது. ஒரே வெட்டு. இன்னொரு வெட்டு. தார்ப்பாயை அப்படியே மேலே தூக்கி வீசினோம். நெடி முகத்தில் அறைந்தது. அவன் தோளைப் பிடித்து, சேற்றில் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனோம்.

உதடு நீலமாக இருந்தது. மூச்சை இழுக்கப் பார்க்கிறான். இழுக்குமுன் இருமல் பிடுங்குகிறது. மறுபடி இழுக்கப் பார்க்கிறான். தெய்வானை உள்ளே ஓடி வெல்லக் கட்டியை எடுத்து வந்து அவன் வாயில் வைத்தாள். பட்டறையில் நெடி ஏறியவனுக்குக் கொடுக்கிற முதல் மருந்து அதுதான். விழுங்க முடியவில்லை. வெல்லம் கரைந்து தாடையில் வழிந்தது.

"முருகா, என்ற கண்ணை உட்ரு… என்ற பையனை மட்டும் உட்ரு…" என்று அரற்றினாள்.

தெருமுனையில் நின்ற ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளம் வயதுக்காரர். பார்த்தவுடனே கேட்டார்.

"எந்தப் பட்டறை?"

"பட்டறை இல்லீங்க. லாரிக்கு அடியில…"

"லாரிக்கடியில குளோரினா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். அவன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, இமையைப் பிரித்துப் பார்த்தார்.

"இதை யாரு போடச் சொன்னது?"

"நான்தானுங்க."

"கண்ணு தப்பிச்சுது" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தலையை அசைத்தார். "நெஞ்சுக்கு மாட்டற கண்ணாடி ஒண்ணும் இல்லீங்களே, சார். நுரையீரல்ல தண்ணி கோக்காம இருக்கணும். நாளைக்கு வரைக்கும் என்னைக் கேட்காதீங்க."

பழனிச்சாமி சிவன்மலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். நெற்றி நிறைய விபூதி. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவன், அப்படியே வராந்தாவில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான்… வண்டி நின்னு போன அன்னிக்கு ஒரு டிரம்மு ஒடஞ்சு கொட்டிப் போச்சுங்க. மேல கெடந்ததைக் கூட்டி அள்ளிட்டோம். பலகைச் சந்துல எறங்குனது… சேஸிஸ்ல சேத்தோட சேத்தா கட்டியா நின்னுருக்கும். அதும்மேல ஆசிட்ட ஊத்திப்போட்டான்."

"ஏன் மாப்பிள்ளை, ரெண்டையும் சேக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்ற ஆளு நீ…"

"துணிக்குத் தெரியுமுங்க, மச்சான்" என்றான். "லாரிக்குத் தோணலீங்களே…"

துணிக்குத் தெரியும். லாரிக்குத் தோணவில்லை. அவனை நான் என்ன சொல்ல? குமரேசனுக்கும் தெரியும், சின்ன வயதில் அந்தத் தொட்டிகளைச் சுற்றி ஓடி விளையாடியவன். எனக்கும் தெரியும். தெய்வானைக்கும் தெரியும். அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, தொட்டியை விட்டுச் சுவர் தாண்டி வந்தபோது ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

என் பயத்தைப் பற்றி இப்போது நிறைய யோசிக்கிறேன். வேறு வேலை என்ன? பயம் வீட்டு நாயைப் போல. அறியாத ஆள் வந்தால் குரைக்கும். ஜாக்கியைப் பார்த்துக் குரைத்தது. துருத் தகட்டைப் பார்த்துக் குரைத்தது. செத்துப் போன சிப்பாய்களைப் பார்த்துக்கூடக் குரைத்தது. ஆனால் தினமும் வீட்டுக்குள் வந்து போகிறவனைப் பார்த்து எந்த நாய் குரைக்கும்? வாலையல்லவா ஆட்டும்?

மறுநாள் தண்ணீர் கோக்கவில்லை என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் தெய்வானை ஒரு வாய் காபி குடித்தாள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். 'பொழச்சுட்டான், முருகன் காப்பாத்திட்டான்' என்று எல்லாரும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிழைத்தான். ஆனால் கிணற்றடிக்குப் போவதற்குள் நடுவில் உட்காருகிறான். மூச்சு ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி சத்தம் போடுகிறது. முன்போலச் சரியாகிவிடுமா என்று டாக்டரைக் கேட்டேன். "இளவயசுதானே" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

லாரி? தார்ப்பாய் கிழிந்து கிடக்க, மழை விடாமல் பெய்தது. அத்தனை பாடுபட்டு உரித்த இரும்பு மறுபடி செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. பழனிச்சாமியிடம் சொல்லிக் காயலான் கடைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அதன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்கவில்லை.

குமரேசன் எழுந்து உட்கார்ந்து, இருமாமல் சொல்லி முடித்த முதல் வாக்கியம் என்ன தெரியுமா?

"அப்பா… ரெட் ஆக்சைடு… அடிச்சீங்களா?"

எனக்கு வந்தது கோபமா, அழுகையா? "மொதல்ல ஒடம்பைப் பாரு. அந்த வண்டிய மாமனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லியாச்சு" என்றேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திரும்புமுன் அந்த முகத்தைப் பார்த்தேன். வேலை கேட்டுப் போய்த் திரும்பி வரும் சாயங்காலங்களில் பார்த்த அதே முகம்.

தெய்வானை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அந்த வண்டியும் போயிட்டா, அவன் எதைப் பாத்துங்க எந்திரிப்பான்?"

லாரி போகவில்லை. வெயில் வந்த அன்று பழனிச்சாமி பட்டறைக் குழாயை இந்தப் பக்கம் நீட்டி, சேஸிஸ் சந்து பொந்தெல்லாம் தண்ணீர் அடித்தான். பவுடர் கரைந்து பால் பாலாக வழிந்தது. அடிக்க அடிக்க வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளிந்த பிறகு, கதவையும் பானெட்டையும் நான் சுரண்டினேன். ரெட் ஆக்சைடு அடித்தேன். சாக்பீஸ் பிடித்த கை. பிரஷ்ஷில் கோடு கோணலாகத்தான் போயிற்று. குமரேசன் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடியில… அடிக்கலீங்களா?"

"அப்புறம்" என்றேன்.

அந்த அடியில் போய்ப் படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அது துருவோடுதான் இருக்கிறது.

பட்டறை மறுபடி ஓடுகிறது. ஓடத்தானே வேண்டும்? அத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது. ஆனால் இப்போது எனக்கு நெடி தெரிகிறது. சோற்றில் தெரிகிறது. துவைத்த வேட்டியில் தெரிகிறது. நேற்று குமரேசனுக்கு மருந்து வாங்கப் போனேன். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறேன் – என்னை அறியாமலே.

டீக்கடை பெஞ்சில் சிரிப்பு எழும்பியது.

"என்ன வாத்தியாரே, வெளியூருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.